ஒட்ட வேண்டியது தோலில்; புண்ணில் அல்ல

(உப்பளத்தில் உழைக்கும் தம்பதிகளுக்கு)



தை பிறந்தால் மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கிவிடும். அதிலிருந்து ஐப்பசி மழை பிடிக்கும் வரை நம் கால்கள் உப்பு நீரிலேயே இருக்கின்றன. குதிகாலில் வெடிப்பு, உப்புக் கல் கிழித்த கீறல், விரல் இடுக்கில் ரணம், பலகைக் காம்பு உரசி உள்ளங்கையில் கொப்புளம் என்று ஏதாவது ஒன்று வந்தபடியே இருக்கிறது. வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடப்பதும் வழக்கம்தான்:

"ஏங்க, குதிகால்ல என்ன ரத்தம்?"

"ஒண்ணுமில்ல, கல்லு கிழிச்சிருச்சு. தானா ஆறிடும்."

"துணி சுத்திக் கட்டட்டுமா?"

"வேணாம். தண்ணியில எறங்கினா அவுந்து போவுது. சாயங்காலம் பிச்செடுத்தா மறுபடியும் ரத்தம் வருது. கட்டாமலே இருந்துடலாம்."

இந்தக் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கட்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் கட்டே வேண்டாம் என்று அவர் முடிவு செய்வதுதான் தவறு. அந்த ஒரு புண் சீழ் பிடித்தால் எத்தனை நாள் கூலி போகும் என்று எண்ணிப் பாருங்கள். புண்ணில் ஒட்டாமல், தோலில் மட்டும் ஒட்டி, யாரும் சுலபமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய கட்டைச் செய்வது எப்படி என்று பல நாட்டு அறிஞர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த விவரத்தையும், அதில் நம் வீட்டுக்கு உதவும் பாடத்தையும் இங்கே பார்ப்போம்.

உப்பு நீர் புண்ணை என்ன செய்கிறது?

"உப்புக்குக் கிருமி சாகும், புண்ணுக்கு நல்லதுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். ஆஸ்பத்திரியில் புண் கழுவும் சலைன் நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் ரத்தத்தின் உப்புத்தன்மையும் ஏறக்குறைய அந்த அளவுதான். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உண்டு. உப்பு பூக்கும் பாத்தியிலோ 250 கிராமுக்கும் மேல்.

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் என்ன ஆகிறது? தண்ணீர் விட்டுக்கொண்டு சுருங்குகிறது. மீனில் உப்பைப் போட்டால் கருவாடு ஆகிறது. உப்பு எங்கே அதிகமோ அந்தப் பக்கம் நீர் இழுக்கப்படும் என்பதுதான் காரணம். திறந்த புண்ணில் முற்றிய உப்பு நீர் படும்போதும் இதே கதைதான். புதிதாக முளைத்துவரும் சதை நீரை இழந்து வாடுகிறது. சுருக்கென்ற எரிச்சலும் உண்டாகிறது. ஆகவே பாத்தித் தண்ணீர் புண்ணுக்கு மருந்து அல்ல.

காய்ந்தால் ஆறுமா, ஈரமாய் இருந்தால் ஆறுமா?

புண்ணைக் காற்றாட விட்டுக் காய வைத்தால்தான் சீக்கிரம் ஆறும் என்று நம் முன்னோர் மட்டுமல்ல, டாக்டர்களும் வெகு காலம் நம்பினார்கள். 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் உண்டான மேலோட்டமான காயங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். சிலவற்றைக் காற்றாட விட்டார். சிலவற்றை மெல்லிய பாலிதீன் தாளால் மூடினார். மூடி வைத்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது.

காரணம் எளியது. புதுத் தோல் புண்ணின் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து வருகிறது. புண் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால், அந்தப் பொருக்குக்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும். ஈரப் பதம் இருந்தால் மேலாகவே வழுக்கிச் சென்றுவிடும். நாற்றங்கால் காய்ந்து வெடித்தால் பயிர் எழும்புமா? பதம் இருந்தால்தானே எழும்பும். அதுபோலத்தான்.

ஆனால் பதம் வேறு, ஊறல் வேறு. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்ற பாதம் வெளுத்துச் சுருங்கி ஊறிப்போகிறது அல்லவா? அப்படி ஊறிய தோல் எளிதில் பிய்ந்து கிருமிக்கு வழிவிடும். புண்ணுக்குத் தேவை சுத்தமான, அளவான ஈரம்.

பஞ்சும் துணியும் செய்யும் கெடுதல்

வெறும் பஞ்சையோ உலர்ந்த துணியையோ புண்மேல் வைத்துக் கட்டினால், புண்ணில் ஊறும் நீர் அதன் இழைகளில் புகுந்து காய்ந்து, துணியும் சதையும் ஒன்றாகிவிடும். மறுநாள் பிடுங்கும்போது, இரவெல்லாம் முளைத்த புதுத் தோலும் துணியோடு வந்துவிடுகிறது. முளைத்த நாற்றை நாமே பிடுங்கி எறிவது போல. வலிக்குப் பயந்து பலர் கட்டை மாற்றாமலே விட்டு அழுக்கும் சீழும் சேர விடுகிறார்கள். இரண்டும் கெடுதலே.

சோறு ஒட்டாத இலை வாழை இலை என்பது நமக்குத் தெரியும். இதே குணத்தைக் கருதி, இந்திய மருத்துவமனைகளில் கிருமி நீக்கிய வாழை இலையைத் தீப்புண்ணுக்குக் கட்டாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1980களில் பம்பாயில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக்கொண்டும் இப்படிக் கட்டுத் தயாரித்தார்கள். ஆனால் இவை ஆஸ்பத்திரியில் முறைப்படி கிருமி நீக்கிச் செய்யப்பட்டவை. கொல்லையில் அறுத்த இலையை நேராகப் புண்ணில் வைத்துக் கட்டக் கூடாது.

மனைவிக்காக ஒரு கணவர் செய்த கட்டு

அமெரிக்காவில் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியில் பஞ்சு வாங்கும் பிரிவில் எர்ல் டிக்சன் என்பவர் வேலை பார்த்தார். அவர் மனைவி ஜோசஃபின் சமையல் செய்யும்போது அடிக்கடி கையை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். கணவர் வீட்டில் இருந்தால் கட்டுப் போட்டுவிடுவார். இல்லாத நேரத்தில் அந்த அம்மாள் ஒரு கையால் எப்படித் துணி சுற்றி முடி போடுவார்?

1920ஆம் ஆண்டில் டிக்சன் ஒரு யோசனை செய்தார். ஒட்டு நாடாவை நீளமாக விரித்து, நடுவில் வரிசையாகச் சுத்தமான காஸ் துணியை மடித்து வைத்து, ஒட்டும் பக்கத்தின்மேல் இன்னொரு துணியைப் போர்த்திச் சுருட்டி வைத்தார். மனைவி தேவையான அளவு வெட்டி, மேல்துணியை உரித்துத் தாமே ஒட்டிக்கொண்டார். அதுதான் 1921 முதல் விற்பனைக்கு வந்த பேண்ட்-எய்ட்.

இதில் புது மருந்து எதுவும் இல்லை. நடுவில் ஒட்டாத பஞ்சு, ஓரத்தில் ஒட்டும் பசை, ஒரு கையால் போடும் வசதி. அவ்வளவுதான். போடுவதற்குச் சுலபமாக இருந்தால்தான் ஜனங்கள் கட்டுப் போடுவார்கள் என்பதை அந்தக் கணவர் புரிந்துகொண்டார்.

நுங்கு போன்ற ஒரு கட்டு

பேண்ட்-எய்டின் நடுவில் இருந்தது உலர்ந்த காஸ் துணி. அதற்குப் பதிலாக ஈரத்தைத் தன்னுள்ளே வைத்திருக்கும் பொருளை வைத்தால் எப்படி? அந்தப் பொருளுக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். தமிழில் நீர்க்கூழ் எனலாம். நம் கடற்கரைப் பனையின் இளநுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஆனாலும் கையில் எடுத்தால் ஒழுகுவதில்லை, தொட்டால் குளிர்ச்சி, அழுத்தினால் வளைந்து கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத நீண்ட இழைகள் வலைபோலப் பின்னி நீரைப் பிடித்து வைத்திருப்பதுதான் நீர்க்கூழ்.

1960ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த ஓட்டோ விக்டர்லே, த்ராஹோஸ்லாவ் லீம் என்ற இருவர் உடம்புக்கு ஒத்துவரும் நீர்க்கூழ்ப் பொருளை அறிவித்தார்கள். கண்ணில் வைக்கும் மெதுவான லென்சு அதிலிருந்து பிறந்தது. 1980களில் போலந்து நாட்டின் யானுஷ் ரோசியாக் அதைப் புண் கட்டாக்கினார். கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகரையும் வேறு இரண்டு பொருட்களையும் நீரில் கரைத்து, தட்டில் உறைய வைத்து, பையில் போட்டு மூடி, பிறகு அணுக் கதிர் பாய்ச்சினார். ஒரே கதிர் இரண்டு வேலை செய்தது. உள்ளே இழைகளை வலையாகப் பின்னியது, கிருமிகளையும் கொன்றது. பையைத் திறக்கும் வரை கட்டு சுத்தமாகவே இருக்கும்.

நம் நாட்டில் மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இதே வழியில், பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளைக்கொண்டு நீர்க்கூழ்க் கட்டை உருவாக்கியிருக்கிறது. கண் சொட்டு மருந்துகளிலும் சேர்க்கப்படும் சாதுவான பொருள் அது. டிராம்பேயில் 1974 முதலே மருத்துவப் பொருட்களைக் கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கும் ஐசோமெட் நிலையம் இயங்கியதால் இந்த முறை நமக்குப் புதிதல்ல. கதிர் என்றதும் பயப்பட வேண்டாம். விளக்கை அணைத்தபின் வெளிச்சம் அறையில் தங்குவதில்லை. அதுபோல இந்தக் கட்டிலும் கதிர் தங்குவதில்லை.

நீர்க்கூழ் தீப்புண்ணுக்குக் குளிர்ச்சி தரும். காய்ந்த புண்ணுக்குப் பதம் தரும். எடுக்கும்போது சதையைப் பிய்க்காது. ஆனால் சீழும் நீரும் நிறைய வடியும் புண்ணுக்கு இது ஏற்றதல்ல. ஏற்கெனவே ஈரமான இடத்தில் மேலும் ஈரம் சேரும். எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு என்பதை டாக்டரும் நர்சும்தான் சொல்ல வேண்டும்.

ஒட்ட வைப்பதில் உள்ள சிக்கல்

நுங்குத் தோலை உரித்தவர்களுக்குத் தெரியும், அது கையில் நிற்காது, வழுக்கும். நீர்க்கூழும் அப்படியே. புண்மேல் மெல்லப் பதியுமே தவிர, நடக்கிற காலில் தானாக நிற்காது. மேலே துணிக்கட்டுப் போட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது. மறுபடி முடிச்சு, மறுபடி அவிழ்தல்! நன்றாக ஒட்டும் பசையைத் தடவலாம் என்றால், ஈரமான இடத்தில் பசை பிடிப்பதில்லை. பசைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு நூலளவு தண்ணீர் நின்றாலும் போதும், ஒட்டாது. வியர்த்த நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நழுவுவது இதனால்தான்.

இதற்கு இயற்கையிலேயே வழி தேடினார்கள். மழைக்காலத்தில் தோட்டத்தில் ஊரும் ஓடில்லாத நத்தையில் ஒரு வகை, ஆபத்து வந்தால் பிசின்போல ஒரு வழுவழுப்பை விட்டு ஈரத்திலும் இறுகப் பிடித்துக்கொள்ளும். 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பிசினின் தன்மையைப் பின்பற்றி, ரத்தம் தோய்ந்த இடத்திலும் பிடிக்கும் நீர்க்கூழைச் செய்து காட்டினார்கள். 2019இல் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியினர் வேறு வழி கண்டார்கள். உலர்ந்த நாடா ஒன்று முதலில் இடையில் நிற்கும் தண்ணீரைத் தானே உறிஞ்சிவிட்டு, சில நொடிகளில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இறுக ஒட்டுவது மட்டுமே பெருமை அல்ல. வயதானவர்களின் தோலும் ஊறிய தோலும் மெல்லியவை. அளவுக்கு மீறி ஒட்டினால் கட்டை எடுக்கும்போது நல்ல தோலும் உரிந்துவிடும்.

உப்பளத்துக்கு ஏற்ற கட்டு எப்படி இருக்க வேண்டும்?

ஒட்டும் நீர்க்கூழ்க் கட்டை வடிவமைப்பவர்கள் கவனிக்கும் விஷயங்களை நம் வேலைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

1. நடுவில் நீர்க்கூழ், சுற்றிலும் ஒட்டும் ஓரம். ஓரம் நல்ல தோலில் மட்டும் பிடிக்க வேண்டும்.

2. பின்தாள் இரண்டு துண்டாக இருக்க வேண்டும். ஒன்றை உரித்து ஒட்டிவிட்டு, மற்றதை உரிக்கலாம். புண்ணில் படும் பக்கத்தில் விரலே படாது. ஒரு கை போதும்.

3. மூலைகள் வட்டமாக இருக்க வேண்டும். கூர் மூலை செருப்பு வாரில் பட்டு முதலில் தூக்கிக்கொள்ளும்.

4. மேலே மெல்லிய படலம் ஒன்று வேண்டும். வியர்வை ஆவி வெளியே போக வேண்டும். தண்ணீர் உள்ளே வரக் கூடாது. நமக்கு இது மிக முக்கியம். மேல் படலம் இல்லாத நீர்க்கூழைப் பாத்தி நீரில் வைத்தால், உப்பிட்ட மாங்காய்போல அதுவும் நீரை இழந்து சுருங்கும்.

5. உள்ளே தெரிய வேண்டும். கட்டைப் பிரிக்காமலே புண் சிவக்கிறதா, சீழ் கட்டுகிறதா என்று பார்க்க முடியும்.

6. எடுக்கும்போது வலிக்கக் கூடாது. மேல் நோக்கிப் பிடுங்காமல், தோலோடு தோலாக மெல்ல இழுத்து எடுக்கும்படி இருக்க வேண்டும்.

7. விலை ஒரு நாள் கூலியைத் தின்னக் கூடாது.

எல்லாக் குணமும் உள்ள கட்டு நமக்கு எளிதாகக் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். இதன் தத்துவத்தை இன்றே வீட்டில் கடைப்பிடிக்கலாம்.

சிறு கீறல், வெடிப்புக்கு வீட்டில் செய்ய வேண்டியது

* முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* புண்ணை நல்ல குடிநீரால் தாராளமாகக் கழுவுங்கள். உப்பும் சேறும் போக வேண்டும். சுற்றியுள்ள தோலை சோப்பால் கழுவி, சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள்.

* சுண்ணாம்பு, காப்பித்தூள், சாம்பல், மண்ணெண்ணெய், புகையிலை எதையும் வைக்காதீர்கள்.

* புண்மேல் வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவுங்கள். பதமும் காக்கும், துணியும் ஒட்டாது. புது டப்பாவாக இருக்கட்டும். விரலை விட்டுத் தோண்டாதீர்கள்.

* அதன்மேல் சுத்தமான காஸ் துணி வைத்து, ஒட்டு நாடாவை உலர்ந்த நல்ல தோலில் மட்டும் ஒட்டுங்கள். புண்மேல் நாடா படக் கூடாது.

* தினம் ஒரு முறை மாற்றுங்கள். நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்றுங்கள். துணி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கொதித்து ஆறிய நீரை ஊற்றி ஊறவிட்டால் தானே கழன்று வரும்.

* எந்தக் கட்டும் நாள் முழுக்க உப்பு நீரில் நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. புண் ஆறும் வரை கரையில் செய்யும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். முடியாதபோது ரப்பர் பூட்ஸ் போடுங்கள். பூட்சுக்குள் உப்பு நீர் புகுந்தால் உடனே கழற்றி, காலையும் பூட்சையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

* தீப்புண் என்றால் முதல் வேலை, சுத்தமான ஓடும் நீரை 20 நிமிஷம் விடுவது. மற்ற எதுவும் பிறகுதான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

ஆழமான வெட்டு, நிற்காத ரத்தம், துருப்பிடித்த ஆணி அல்லது முள் குத்தியது, புண்ணைச் சுற்றிச் சிவப்பும் சூடும் பரவுவது, சீழ், துர்நாற்றம், காய்ச்சல், கருத்துப்போன சதை, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், பெரிய தீப்புண். இவற்றுக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம். மரக்காணம் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். அவசரமென்றால் 108க்குப் போன் செய்யுங்கள்.

ரணஜன்னி ஊசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணித் தாய்மார்கள் இந்தத் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொண்டதாலும், பிரசவங்கள் சுத்தமான முறையில் நடந்ததாலும்தான், பிறந்த குழந்தைகளைக் கொன்ற ரணஜன்னி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல் அறிவிக்க முடிந்தது. ஆனால் மண்ணில் அந்தக் கிருமி இன்றும் இருக்கிறது.

வலிக்காத புண்ணை நம்பாதீர்கள்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கரிகிரி மருத்துவமனையிலும் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்த டாக்டர் பால் பிராண்ட் ஓர் உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டினார். பாதம் அழுகுவதற்குப் பெருங்காரணம் அந்த நோய் சதையைத் தின்பது அல்ல; வலி தெரியாததால் அடிபட்ட காலை மேலும் மேலும் ஊன்றி நடப்பதே. சர்க்கரை வியாதி முற்றியவர்களுக்கும் கால் மரத்துப்போய் இதே நிலைமை வருகிறது. "எரியவே இல்லை" என்று அவர்கள் சொன்னால் அது நல்ல சேதி அல்ல. அவர்கள் சிறு கீறலுக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தம்பதிகள் நினைவில் வைக்க வேண்டியது

தன் குதிகாலைத் தானே பார்ப்பது கஷ்டம். கணவர் காலை மனைவியும், மனைவி காலை கணவரும் பார்ப்பது சுலபம். தினம் இரவு சாப்பாட்டுக்கு முன் நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பாதத்தை ஒருவர் பாருங்கள். விரல் இடுக்கையும் விடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் காலையும் பாருங்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று மறைப்பது பெரும்பாலும் பெண்கள்தான். ஆகவே கணவர்மார்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு டப்பாவில் சோப்பு, காஸ் துணி, ஒட்டு நாடா, பெட்ரோலியம் ஜெல்லி நான்கையும் போட்டு, உப்பளத்துக்கு எடுத்துப் போகும் சோற்றுத் தூக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கக் கொண்டுபோகும் தண்ணீரில் ஒரு பாட்டில் புண் கழுவவும் இருக்கட்டும்.

கழுவு, பதம் கா, மூடு, பிய்க்காதே!